திசைகாட்டியை நம்பியவன்

கணினித் திரையில் செயற்கைக்கோள் படம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே புயல் ஓய்ந்தும் அண்டார்டிகாவின் வானம் வெளுக்கவில்லை. ஹெலிகாப்டர் கிளம்ப வழியில்லை. செயற்கைக்கோளின் ரேடாருக்கு அந்தக் கவலை கிடையாது. அதன் அலை மேகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். வழவழப்பான பனிக்கட்டியில் பட்டால் வேறு பக்கம் தெறித்துப் போகும். படத்தில் அந்த இடம் கறுப்பு. கரடுமுரடான பனி கொஞ்சம் திருப்பி அனுப்பும். அது சாம்பல்.

தூரத்துக் கூடாரத்தருகே குமணன் மூன்று தகடுகளை மூலைபோல் சேர்த்து நட்டிருந்தான். சுவர் மூலையில் எறிந்த பந்துபோல, அலை அதில் பட்டு வந்த வழியே திரும்பும். படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியவேண்டும்.

போன படத்தில் புள்ளி மங்கல். துருவத்துப் பக்கம் திசைகாட்டி முள் பொய் சொல்லும். கணக்குப் போட்டுத் திருத்தவேண்டும். இவ்வளவு படித்த மனுஷன், முள்ளை அப்படியே நம்பித் தகட்டைத் திருப்பி வைத்திருந்தான்.

ரேடியோவில் சரியான கோணத்தைச் சொல்லி, அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். புருஷன் என்று பார்க்கவில்லை. ஆய்வு நிலையமே கேட்டுச் சிரித்தது.

“சரி தாயே, காலையில திருப்பிடறேன். இப்ப காத்து ஆளையே தூக்குது.”

அதுதான் கடைசி. காற்று புயலானது. ரேடியோ ஊமையானது.

அன்றிலிருந்து அவள் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியாகப் பேசியதும் திட்டுத்தானா என்று தன்னையே நொந்துகொண்டாள்.

படம் பாதிக்கு வந்தது.

கறுப்பு. சாம்பல். மறுபடி கறுப்பு.

பிறகு ஒரு புள்ளி.

மங்கல் இல்லை. கண்ணைக் குத்தியது.

காற்று தகட்டைச் சாய்க்கும், பிய்த்தும் எறியும். அவள் சொன்ன கோணத்துக்கு அச்சுப் பிசகாமல் திருப்பி நிறுத்தாது.

“திருப்பிட்டான்! டாக்டர், திருப்பிட்டான்!”

நிலையத்து டாக்டர் ஹெலன் ஓடிவந்து பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது.

ரேடியோ இன்னும் ஊமைதான்.

அவள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

“ரேடியோவைச் சரி பண்ணாம முதல்ல போய்த் தகட்டையாடா திருப்பின?”

கேட்க ஆள் இருக்கிற தைரியத்தில், பதில் வராத அந்த மைக்கில் வெகுநேரம் திட்டினாள்.