ஏரியின் வரவேற்புக் குழு

ஓர் ஏரிக்குக் குளிர்காலந்தோறும் வடக்கிலிருந்து வாத்துகள் வந்துகொண்டிருந்தன. இன்னும் நிறைய விருந்தாளிகளை வரவழைக்க வேண்டுமென்று வெள்ளாடு ஒரு குழு அமைத்து, தானே தலைவராகவும் ஆகிவிட்டது. அங்கேயே குடியிருந்த நீர்க்கோழியை வழிகாட்டியாக நியமித்தது. நீர்க்கோழிக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தக் கோரைப்புல் மறைத்துக்கொண்டு நின்றால் ஏரியின் அழகு எப்படித் தெரியும்?" என்றது வெள்ளாடு. குழுவில் இருந்த மற்ற ஆடுகள் ஒருமனதாக ஆமோதித்தன. பத்தே நாளில் கோரை முழுவதையும் தின்று தீர்த்தன. அதற்குள் இருந்த நீர்க்கோழியின் கூடும் போயிற்று. 'ஊர் முன்னேறும்போது நாம்தான் கொஞ்சம் அனுசரித்துப் போகணும்' என்று அது மனதைத் தேற்றிக்கொண்டது.

அந்த வருஷம் ஒரே ஒரு வாத்துதான் வந்தது. வெள்ளாடு அதை நிற்கவைத்து அரைமணி நேரம் வரவேற்புரை ஆற்றியது. உரை முடிந்ததும் வாத்து நீர்க்கோழியிடம் மெதுவாகக் கேட்டது.

"இங்கே எங்கேம்மா தங்குறது?"

நீர்க்கோழி சுற்றுமுற்றும் பார்த்தது. கைகாட்ட ஓர் இடமும் இல்லை.

"எனக்கே இடமில்லைங்க" என்றது வெட்கத்தோடு.

"அப்போ என்னோட வா. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை இருக்கு. அங்கே குழு கிழு எதுவும் கிடையாது."

இரண்டும் பறந்து போவதை ஆடுகள் அண்ணாந்து பார்த்தன. வெள்ளாடு பூரித்துப்போனது.

"நம்ம ஊர்க்காரங்களுக்கே சுற்றுலாவில் ஆர்வம் வந்தாச்சு. குழுவோட முதல் வெற்றின்னு எழுதிக்கோங்க."