மூன்றுக்குச் சைபர்

'சொர்ர்ர்...' என்று குசினிக்குள் எண்ணெய்ச் சத்தம் எழுந்தது.

"இண்டைக்கு ரோல்ஸ் போலை கிடக்கு" என்று ஜெயரட்ணம் மூக்கை உறிஞ்சினார்.

"ரோல்ஸ் இல்லாமல் ஃபைனலோ?" என்றார் சற்குணம். வீடியோ டெக்கின் வயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தார். கை ஒரு இடத்தில் நிற்கவில்லை.

நிற்குமா? மூன்று கிழமைக் காத்திருப்பு.

ஆசியச் சாம்பியன் கழகத்துக்கும் ஆபிரிக்கச் சாம்பியன் கழகத்துக்கும் கால்பந்து இறுதியாட்டம். அவர்கள் ஊரில் ஒன்று, நம்மவர்கள் ஊரில் ஒன்று என்று இரண்டு ஆட்டம். இரண்டின் கோலையும் கூட்டித்தான் கோப்பை. முதல் ஆட்டத்தில் நம்மவர்கள் இரண்டு கோலால் தோற்றதை மூன்று கிழமைக்கு முந்தின சனிக்கிழமை இதே சோபாவில் இருந்து பார்த்து, ஒரு சட்டி வடையோடு துக்கத்தை விழுங்கியிருந்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தின் கசெட்டைச் சிங்கப்பூரிலிருந்து சற்குணத்தின் மைத்துனர் அனுப்பியிருந்தார். ஆக்லாந்துப் பேப்பரில் அந்த ரக்பி முட்டைப் பந்தைத் தவிர வேறு பந்து உருளாது. ஆகவே முடிவு யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. அது சற்குணம் வீட்டுச் சட்டம். வாசலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்.

"அண்ணி காலையில என் பஸ்லதான் வந்தாங்க" என்றார் முருகையா. மலேசியாக்காரர், பஸ் ஓட்டுகிறவர். ஜெயரட்ணத்தையும் கதிர்காமநாதனையும் மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து தன் வான் வண்டியில் ஏற்றி வந்தவரும் அவர்தான். "ஸ்டாப்பைத் தாண்டித் தூங்கிட்டாங்க. நான்தான் திரும்பி வரும்போது இறக்கி விட்டேன்."

"அவவுக்கு பஸ் ஏறினால் தாலாட்டு மாதிரி" என்று சிரித்தார் சற்குணம். "ஆஸ்பத்திரி லோன்றியிலை உடுப்புத் தோய்க்கிற இரவு வேலையெல்லோ. இண்டைக்கு இரவும் போகவேணும்." பிறகு குசினியில் நின்ற மனைவி வசந்தமலரின் பக்கம் திரும்பி, "இஞ்சரும்! சுடச்சுட வரட்டும், என்ன?" என்று குரல் கொடுத்தார்.

எண்ணெய்தான் பதில் சொன்னது.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று முருகையா எழுந்து போனார்.

கசெட் சுற்றத் தொடங்கியது. திரையில் கோடு கோடாக ஓடி, பச்சைப் புல் தெரிந்தது. எண்ணெய்ச் சத்தம் நின்றிருந்தது.

"ஏதோ கருகுது, காணும்" என்றார் கதிர்காமநாதன்.

"இஞ்சரும்! ரோல்ஸ் என்ன மாதிரி?"



"இந்த மனிசிக்குக் காது அடைச்சுப்போச்சோ?" சற்குணம் விறுக்கென்று எழுந்து குசினிக் கதவை நோக்கி நடந்தார்.

எதிரே முருகையா வந்தார். கதவைப் பின்னால் இழுத்துச் சாத்திவிட்டு அதன் முன்னாலேயே நின்றார்.

"எதுக்கு அண்ணே இவ்வளவு அவசரம்? நாமதான் தோத்துட்டோமே."

"என்ன?"

"மூணுக்குச் சைபர். தம்பி நேத்து போன் பண்ணினான். நம்மாளுங்க ஒரு கோல்கூடப் போடலை."



"டேய், நீயெல்லாம் மனிசனோ?" ஜெயரட்ணம் தலையணையைத் தூக்கி எறிந்தார்.

"இனி என்னத்தைப் பாக்கிறது? செத்த வீட்டு வீடியோ பாக்கிற மாதிரித்தான்" என்றார் கதிர்காமநாதன்.

"சத்தியம் பண்ணினனியல்லோ முருகையா?" சற்குணம் விரலை நீட்டினார். "மூண்டு கிழமையடா! வேணுமெண்டே செய்தனி!"

"சரி, நான் கிளம்புறேன். வான்ல வர்றவங்க இப்பவே வாங்க. அப்புறம் பஸ்ஸும் இருக்காது."

திட்டிக்கொண்டே மற்ற இருவரும் சப்பாத்தை மாட்டினார்கள். வாசலில் வைத்துச் சற்குணம் சொன்னார்: "இனிமேல் நீ இந்த வீட்டுப் படி மிதிக்காதை."

முருகையா தலையை ஆட்டினார். கொட்டுகிற மழையில், வெறும் சட்டையோடு வண்டியை நோக்கி ஓடினார்.

சற்குணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹோலுக்குள் மேலும் கீழும் நடந்தார். டிவியை நிறுத்தினார். திரும்பப் போட்டார். முடிவு தெரிந்த ஆட்டம்தான், ஆனாலும் மனம் கேட்டால்தானே? கசெட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்.

ஒரு ரோல்ஸ் தின்று முடிக்கிற நேரம்கூட ஆகியிராது. நம்மவர்கள் கோல் போட்டுவிட்டார்கள்!

துள்ளி எழுந்தவர் அப்படியே நின்றார்.

ஒரு கோல்கூடப் போடவில்லை என்றல்லவா சொன்னான்? அப்படியென்றால் அவனுக்கு முடிவே தெரியாது. பிறகேன் சொன்னான்? கூடி இருந்து பார்க்கிற சந்தோஷத்தைக் கெடுக்கவா? எத்தனை நாள் வஞ்சகம் இது?

"இஞ்சரும்! கேட்டீரே, அந்தக் கள்ளன் சொன்னது பச்சைப் பொய்..." என்று குசினிக் கதவைத் தள்ளித் திறந்தார்.

அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. கருகின ரோல்ஸ் சில எண்ணெய் வடித்து எடுக்கப்பட்டு ஒரு தட்டில் கிடந்தன. அடுத்த சட்டிக்கு அவித்த உருளைக்கிழங்கு மேசையில் குவிந்திருக்க, அதன் பக்கத்திலேயே தலையைச் சாய்த்து வசந்தமலர் தூங்கிக்கொண்டிருந்தாள். விரல்களுக்குள் பாதி உரித்த கிழங்கு ஒன்று.

இரவு வேலைக்காரருக்கு நித்திரை நேரம் பார்த்து வராது. இடமும் பார்க்காது.

அவள் தோளைச் சுற்றி ஒரு பஸ் டிரைவரின் ஜாக்கெட் போர்த்தியிருந்தது.

ஹோலில் சனம் ஆர்ப்பரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது கோலாக இருக்கலாம். சற்குணம் திரும்பிப் போய் டிவியை நிறுத்திவிட்டு வந்தார். அவள் விரல்களிலிருந்து கிழங்கை மெல்ல எடுத்தார். கதிரையைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் விட்ட இடத்திலிருந்து உரிக்கத் தொடங்கினார்.