அம்மாவும் அதே பஸ்ஸில்

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லேன்!"

ஸ்டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். புனேயின் ஏரவாடாவில் ஏறும்போதே பஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. மரியம்மாள் வழக்கம்போல மகளின் முதுகோடு ஒட்டி நின்று, இரண்டு பக்கத்து சீட்டுக் கம்பிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். தோளில் தொங்கிய பெரிய பை, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் இடித்தது.

"புடே சலா, புடே சலா!"

முன்னே நகரச் சொல்லி கண்டக்டர் கத்தினார். மரியம்மாள் அசையவில்லை.

"வழியை மறிச்சுக்கிட்டு நிக்குதே இந்தம்மா!" என்று யாரோ ஒருவன் இந்தியில் எரிந்து விழுந்தான். பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லாவுக்கு மானம் போனது.

காலேஜ் சேர்ந்த இரண்டு வருஷமாக இதே கதைதான். காலேஜ் இருக்கிற கேம்ப் ஏரியாவில் ஏதோ ஒரு வீட்டில் அம்மாவுக்குச் சமையல் வேலை. அதனால் தினமும் மகள் போகும் அதே ஏழே முக்கால் பஸ். கூடப் படிக்கிற பானு, "அம்மா இல்லாம நீ ரோடு கூடத் தாண்ட மாட்டியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா வெடித்துவிட்டாள்.

"நான் என்ன எல்.கே.ஜி. பாப்பாவா? நாளைலேர்ந்து நீ அடுத்த பஸ்ல போ. எனக்கு அசிங்கமா இருக்கும்மா!"

மரியம்மாள் சப்பாத்தி மாவு பிசைவதை நிறுத்தினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிடி. இனிமே உன்கூட வரல" என்றாள்.

மறுநாள் தனியாக ஏறியபோது ஸ்டெல்லாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

இரண்டு ஸ்டாப் வரைக்கும்தான்.

இடுப்பில் ஒரு கை பட்டது. நெரிசல் என்று நினைத்து விலகினாள். கையும் கூடவே வந்தது. முழங்கையால் ஓங்கி ஓர் இடி இடித்து, "காய் கர்தோஸ் ரே?" என்னடா பண்றே என்று மராத்தியில் கத்தினாள். அவன் எதுவுமே நடக்காதது போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நகர்ந்துபோனான்.

கேம்ப்பில் இறங்கியதும் பானுவைத் தேடிப் பிடித்தாள்.

"இந்த பஸ்ல இப்படியெல்லாம் கூட நடக்குமாடி?"

பானு அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"தினம் நடக்குது. எங்க எல்லாருக்கும்தான். ரெண்டு வருஷமா வர்றே, உனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

ஸ்டெல்லாவுக்குச் சட்டென்று முதுகில் ஏதோ குறைந்தது போலிருந்தது. உடனே அம்மாவைப் பார்க்க வேண்டும். போன் செய்தாள். அம்மா எடுக்கவில்லை. வேலை பார்க்கிற வீட்டு மேடத்தின் நம்பரில் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, நான் மரியம்மாள் பொண்ணு. இங்கே கேம்ப்லதான் நிக்கிறேன். உங்க வீடு எந்தப் பக்கம்? அம்மாவை ஒரு நிமிஷம் பார்க்கணும்."

மேடம் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்.

"கேம்ப்பா? எங்க வீடு கல்யாணி நகர்ல இருக்கும்மா. உங்க சந்துலேர்ந்து பத்து நிமிஷ நடை. அம்மா எப்பவும் ஒன்பதரைக்கு வேர்த்து விறுவிறுத்துத்தான் ஓடி வருவாங்க. இந்த ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் எட்டு மணிக்கே வந்துட்டாங்க!"