நாலாவது மாடிப் பரீட்சை

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? கீழ 'வேலை செய்யாது'ன்னு போர்டு மாட்டினது யாரு?"

அப்பா கேட்டது வீட்டுக்கே பொதுவா. பார்வை மட்டும் மகள் மேல. வீட்ல அவளுக்குப் பேரு வாலு. ஏன்னு விளக்க வேண்டியதில்ல.

"நான்தாம்ப்பா. சாயங்காலம் கழட்டிடுவேன்."

"ரெண்டாவது மாடி மாமா பையைத் தூக்கிட்டு ஏறிட்டிருக்காரு. மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்குது."

"அவரை டாக்டரே நடக்கத்தான் சொல்லியிருக்காரு."

"போர்டு எதுக்குடி?"

"ஆராய்ச்சி."

இந்தத் தேர்தல்லதான் வாலு முதல் தடவையா ஓட்டுப் போடப் போறா. வார்டுக்கு நிக்கிறது மூணு பேர். மூணு பேரோட அறிக்கையையும் வரி விடாம படிச்சா. பேசின வீடியோ எல்லாத்தையும் பாத்தா. மூணு பேருமே தண்ணி தர்றாங்களாம், ரோடு போடறாங்களாம், மக்களுக்காகவே பொறந்தவங்களாம். பேரை மறைச்சுட்டுக் குடுத்தா, எது யாரோட அறிக்கைன்னு அவங்களுக்கே தெரியாது.

சும்மா குத்திட்டு வரவும் முடியாது. ஏன்னா அவ கையில இருக்கிறது ரெண்டு ஓட்டு. சக்கர நாற்காலில இருக்கிற அத்தை, "நீ விசாரிச்சு யாரைச் சொல்றியோ அவங்களுக்கே என் ஓட்டும்"னு சொல்லிட்டாங்க. கூடவே, "ஆளு சரியில்லைன்னா, அடுத்த தேர்தல் வரைக்கும் உன்னைத்தான் திட்டுவேன்."

"இன்னைக்கு மூணு பேரும் நம்ம தெருவுக்கு வர்றாங்கப்பா. லிஃப்ட் இல்லைன்னா யாரு நாலு மாடி ஏறி வர்றாங்கன்னு பாப்போம். ஓட்டு வேணும்னா கொஞ்சம் கால் வலிக்கட்டுமே."

அப்பா தலைல கை வச்சுக்கிட்டார். அத்தை சக்கர நாற்காலியை பால்கனிக் கம்பி ஓரமாத் தள்ளச் சொன்னாங்க. "தெரு நல்லா தெரியற மாதிரி நிறுத்துடி."

முதல்ல பல் டாக்டர். கீழ போர்டைப் பாத்ததும் வெளிய வந்து மைக்கை வாங்கினார். "நாலாவது மாடி அம்மா, இங்கேருந்தே உங்க சிரிப்பு தெரியுது. எனக்கு அதுவே போதும்."

"எனக்குப் போதாது," வாலு சொன்னா. "பல் டாக்டர், முட்டை."

அடுத்து டீச்சரம்மா. ரிட்டயர் ஆனவங்க. கூட்டம் இல்ல, கூட ரெண்டே பேர். உள்ள போனாங்க, போன வேகத்துல வெளிய வந்தாங்க. அண்ணாந்து பாத்தாங்க. அத்தை கையை ஆட்டினாங்க. டீச்சரம்மாவும் ஆட்டிட்டு, போனை எடுத்து யார்கிட்டயோ பேசிக்கிட்டே நடையைக் கட்டிட்டாங்க.

"எத்தனை பிள்ளைங்களை முட்டி போட வச்சிருப்பாங்க. இப்ப அவங்க முட்டி மடங்க மாட்டேங்குது. முட்டை."

"ஏதாவது அவசரமா இருக்கும்டி," அப்பா சொன்னார்.

"அவங்க ஜெயிச்சாலும் இதே அவசரம்தாம்ப்பா இருக்கும்."

சாயங்காலம் வக்கீல் வந்தார். ஏறினார். நிஜமாவே ஏறினார். வாசல்ல முதல்ல வந்து நின்னது போட்டோக்காரர். பின்னாடி வக்கீல், வேர்த்து விறுவிறுத்து.

"சார், கடைசி ரெண்டு படி மட்டும் இன்னொரு தடவை. முகத்துல நிழல் விழுந்துடுச்சு."

வக்கீல் இறங்கி, திரும்ப ஏறினார்.

வாலுவுக்குப் பூரிப்பு தாங்கல. "பாத்தீங்களாப்பா, நான் வச்ச பரீட்சையை ரெண்டு தடவை எழுதறாரு."

அத்தை பக்கத்துல நின்னு ஒரு போட்டோ, கையில ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். தண்ணி குடிச்ச டம்ளரை அத்தை மடியிலேயே வச்சுட்டுப் போயிட்டார்.

"முடிஞ்சுது அத்தை. நம்ம ரெண்டு ஓட்டும் வக்கீலுக்கே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கூட கேக்கலையேடி அந்த ஆளு."

"மூச்சு வாங்குறப்ப எப்படி அத்தை பேசுவாரு?"

போர்டைக் கழட்ட வாலு செருப்பு மாட்டினா. அப்ப காலிங் பெல் அடிச்சுது. வாசல்ல டூல்ஸ் பையோட லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னாங்க. உள்ள ஏறி பட்டனை அமுக்கினேன், ஜம்முனு மேல வந்துடுச்சு. இதுல எதைங்க சரி பண்றது?"

அப்பா வாலுவைக் காட்டினார். "இவளைத்தான்."

"அண்ணே, உங்களை யாரு வரச் சொன்னது?" வாலு கேட்டா.

"டீச்சரம்மாதான். உங்க தெருவுல இருந்தே போன் மேல போன். 'நாலாவது மாடில சக்கர நாற்காலியோட ஒரு அம்மா மாட்டிக்கிட்டு இருக்காங்க, கையில இருக்கிற வேலையை விட்டுட்டு முதல்ல அங்க போ'ன்னாங்க. நான் வக்கீல் கட்சிம்மா. அவங்ககிட்டயே சொன்னேன், 'அந்த வீட்டு ஓட்டெல்லாம் எங்க ஆளுக்குத்தான் விழும், நீங்க வீணா அலட்டிக்காதீங்க'ன்னு."

வாலுவோட குரல் இறங்கிடுச்சு. "அதுக்கு என்ன சொன்னாங்க?"

மெக்கானிக் சிரிச்சார்.

"'யாருக்கு வேணா போடட்டும்ப்பா. அதுக்கு அவங்க முதல்ல கீழ இறங்கணும்ல'ன்னாங்க."