ரெட்டை டப்பா சைலன்சர்

"சத்தமே வரக்கூடாது தௌகே. உங்களால முடியுமா?"

கடை முதலாளி கோக் வெங் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மலேசியாவின் தைப்பிங் ஊரில் அவருடைய சைலன்சர் கடைக்கு டர்போ காரை ஓட்டிக்கொண்டு வருகிறவன் எல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஊர் வரைக்கும் கேட்கணும். இப்படி ஓர் ஆள் இதுவரை வந்ததில்லை.

வந்தவர் பெயர் தியோ. மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. ஓரடி பின்னால் மனைவி மெய் யுன்.

"காரை முன்னாடி வச்சிருந்தவன் போட்ட புகைக்குழாய் இது. தெருமுனையில திரும்பும்போதே இடி இடிக்குது. பக்கத்து வீட்டுல வயசானவங்க, எதிர்வீட்டுல கைக்குழந்தை. நாம வர்றதும் போறதும் அடுத்தவங்களுக்கு எதுக்குத் தெரியணும், சொல்லுங்க?"

"நீங்க மனுஷன்!" என்றார் கோக் வெங்.

தன் வண்டிக்கு வேலை முடிந்தும் கிளம்ப மனமில்லாமல் பெஞ்சில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான் ஹலீம். "சாமி படத்துக்குப் பக்கத்துல இவர் படத்தையும் மாட்டுங்க தௌகே. ஊதுவத்தி நான் வாங்கித் தர்றேன்" என்றான்.

கோக் வெங் மூன்று குழாய்களைத் தரையில் எடுத்துப் போட்டார்.

"இது நேர்க்குழாய், கத்தும். இது ஒத்தை டப்பா, உறுமும். இது ரெட்டை டப்பா. குழாயோட அகலம் குறையாது, டர்போவும் மூச்சுத் திணறாது. வேகம் அப்படியே இருக்கும். சத்தம் மட்டும் செத்துப்போகும்."

"அதான் வேணும்."

"ஒத்தை டப்பாவே போதுமே..." என்றாள் மெய் யுன்.

தியோ திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். அவள் இன்னோர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

தியோவுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனார். போனதுதான் தாமதம், காருக்கடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த கோக் வெங்கிடம் மெய் யுன் குனிந்தாள்.

"தௌகே, ஒத்தை டப்பாவையே போட்டுடுங்க. அவர்கிட்ட ரெட்டைன்னு சொல்லிடுங்க."

கோக் வெங்குக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த ஸ்பேனரோடு வெளியே வந்தார். "பொய் சொல்லிப் பிழைக்கிற கடை இல்ல மேடம் இது."

"ரொம்பச் சத்தம் வேணாம். தெருமுனையில திரும்பும்போது கேட்டாப் போதும். சோறு சூடு பண்ண, பிள்ளையை ரூமுக்குள்ள அனுப்ப, எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்."

"சோறு சூடு பண்ண டர்போ சத்தமா! போன் பண்ணிட்டு வரச் சொல்லுங்க."

"அவர் பண்ண மாட்டார்."

"அட போங்க மேடம்" என்றான் ஹலீம் பெஞ்சிலிருந்து. "நம்ம வீட்டுலயும் டர்போ இருக்குன்னு தெருவே பாக்கணும். அதானே? ஊரான் தூக்கத்தைக் கெடுத்தாத்தான் உங்களுக்குச் சோறு இறங்குமாக்கும்."

அவள் முகம் சிவந்துபோனது.

"இவ்வளவு நல்ல மனுஷன்" என்றார் கோக் வெங். "நீங்க ஏம்மா இப்படி?"

அந்தக் கோபத்திலேயே வேலையை இன்னும் கவனமாகச் செய்தார். ஒவ்வொரு பற்றவைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். ஓர் ஊசித்துளைகூட இல்லை.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. குழாய் மாட்டியதும், கூட வந்தவர் ரோட்டுக் கடைசியில் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில் போய், முதுகைக் காட்டி நிற்கணும். வண்டி பின்னாலிருந்து வரும். சத்தம் காதில் விழுந்ததும் கையைத் தூக்கணும். எவ்வளவு தூரத்தில் வரும்போது கை எழுகிறதோ, வண்டிக்காரனுக்கு அவ்வளவு பெருமை. கொஞ்ச நேரம் முன்னால் ஹலீம் வண்டி கடை வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே அங்கே கை எழுந்துவிட்டது.

மெய் யுன் போய் நின்றாள். தியோ வண்டியை எடுத்தார்.

கை எழவில்லை. பாதி ரோடு வந்தாயிற்று. எழவில்லை. அவள் தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் கேட்டாள்.

"அசத்திட்டீங்க தௌகே!" ஹலீம் தொடையில் தட்டினான்.

வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. தியோ இறங்கினார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார். கிட்டே போய் அவள் தோளைத் தொட்டார்.

அப்போதுதான் அவள் கையைத் தூக்கினாள். ஒரு கையை அல்ல, இரண்டு கையையும். முகத்தை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, அடிமரத்தோடு ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

ஹலீம் கையிலிருந்த கோப்பி வாய்க்குப் போகாமல் நின்றது.

தியோ வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கையில் அவள் மடியைப் பார்த்தபடி இருந்தாள். தியோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பாத்தீங்களா? தோளைத் தொடுற வரைக்கும் தெரியல. இனிமே நான் எப்ப வருவேன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல வேலை, தௌகே."

கோக் வெங் காருக்கு முன்னால் வந்து நின்றார். "மிஸ்டர் தியோ, வண்டியை உள்ள விடுங்க. அந்தப் பின் டப்பா சரியா உக்காரல. கழட்டிட்டு வேற போட்டுத் தர்றேன். காசு வேணாம்."

"கச்சிதமா இருக்கு. தொடாதீங்க."

வண்டி போய்விட்டது. கோக் வெங் ரோட்டில் இறங்கி நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முனையில் திரும்பியது. ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வளவு நல்ல வேலை.