புகார் நோட்டுக்கு ஒரு சட்டை

“நட்சத்திரம் நடுவுல வரலை பாருங்க. கொஞ்சம் இடது பக்கம் இழுங்க” என்றாள் மனைவி.

சலவைக் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, சாம்பல் நிறக் கம்பளியை நோட்டின் அட்டைமேல் இழுத்துவிட்டார். அளவெடுத்துத் தைத்தது போல் கச்சிதமாக உட்கார்ந்தது. நீல நூலில் போட்டிருந்த நட்சத்திரமும் நடுவுக்கு வந்துவிட்டது.

“எப்படி? கடை திறந்த நாள்லேருந்து நான் உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான்.”

“நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க.”

அவருக்குப் பின்னால், இஸ்திரிக்குக் காத்திருந்த துணிகள் மேஜையைத் தாண்டித் தரைக்கு வந்திருந்தன. அவரோ மேஜைக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பட்டன்களாகப் பொறுக்கி, அட்டையின் ஓரத்தில் வரிசையாகத் தைக்க ஆரம்பித்தார். முதுகுப் பக்கத்துக்கு இளஞ்சிவப்பில் ஒரு பட்டை. கீழ் மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு, அதில் பழுப்பு நிற இலை.

“புகார் நோட்டுக்குப் போய் இவ்வளவு அலங்காரமா?”

“அதுக்குத்தான் வேணும். விடுதி மேனேஜர் அடுத்த மாசம் கடையைப் பார்க்க வராங்க. வந்ததும் புகார் நோட்டைத்தான் முதல்ல பார்ப்பேன்னு போன்லயே சொல்லிட்டாங்க. அவங்க போர்வை, விரிப்பு எல்லாம் நமக்கு வந்தாத்தான் கடை பிழைக்கும். இல்லேன்னா உன் அண்ணன் கடையில நாற்காலி துடைக்கப் போக வேண்டியதுதான்.”

“பாவம் எங்க அண்ணன். பழைய நோட்டு என்ன ஆச்சு?”

“அதுல எழுத இடமே இல்லை. அட்டையிலகூட எழுதிட்டாங்க.”

“அட்டை அழகா இருந்தா புகார் நின்னுடுமா?”

“உங்க அம்மா குடுத்த பீங்கான் தட்டுல இதுவரைக்கும் யாராவது சாப்பிட்டிருக்கோமா? அழகா இருக்கிறதுல கை வைக்க யாருக்கும் மனசு வராது. துணி வெளுக்கத்தான் எனக்குத் துப்பில்லை. இதாவது வருதான்னு பார்ப்போம்.”

வந்தது. கோபமாக வந்தவர்கள் நோட்டை வெடுக்கென்று பிடுங்கினார்கள், பட்டன்களைத் தடவிப் பார்த்தார்கள், “அட, யார் செஞ்சது?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். காலர் கிழிந்ததற்குச் சண்டை போட வந்த ஒருவர், தன் மகளுக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். கடைக்காரருக்குத் தன்மேல் முதன்முறையாக மரியாதை வந்தது.

சொன்னபடி மேனேஜர் வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஒரு புகார்கூட இல்லையே!”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்” என்றார் கடைக்காரர், சம்பந்தமே இல்லாமல். மனைவிக்கு இருமல் வந்தது.

மேனேஜர் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அவர் கண் மறுபடியும் அட்டைமேல் விழுந்தது.

“பிரமாதமா இருக்கே! இந்த இலை பெயிண்டுல வரைஞ்சதா?”

“இல்லீங்க மேடம், சூடு.”

“இந்த இளஞ்சிவப்பு எந்தக் கடையிலயும் கிடைக்காதே?”

“அது தானா வந்ததுங்க.”

“இந்த நட்சத்திரம்? நீங்க போட்டதா?”

பாராட்டில் மிதந்துகொண்டிருந்த மனிதர் தன்னை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டார். “அது மட்டும் ஏற்கெனவே இருந்ததுங்க.”

“தெரியும். எலி கடிச்ச ஓட்டையை மறைக்க நான்தான் போட்டேன். போன குளிர்ல டிரைவர்கிட்ட குடுத்தனுப்பின என் ஸ்வெட்டர் இது. இன்னும் தேடிட்டு இருக்கோம்னு சொன்னீங்களாமே?”

“சுருங்கிப் போச்சுங்க மேடம். சரியா இந்த நோட்டு அளவுக்கு.”

“அப்போ இந்த இலை?”

“இஸ்திரிப் பெட்டியோட மூக்கு. ஒருத்தர் சட்டையில வெச்சுட்டு போன் பேசப் போயிட்டேன்.”

“இளஞ்சிவப்பு?”

“வெள்ளை விரிப்போட சிவப்புத் துண்டைச் சேர்த்து ஊற வெச்சுட்டேன்.”

“இத்தனை பட்டன்?”

“மெஷின் கக்கினதுங்க.”

மேனேஜர் ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவை வைத்தார். கடைக்காரர் மனதுக்குள் மச்சானின் நாற்காலிகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பேனா நகரவில்லை. மேனேஜர் பெருமூச்சுடன் நோட்டை மூடி, அட்டையை ஒருமுறை தடவினார்.

“எழுத மனசு வரலையே!” என்றவர், வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “விரிப்பெல்லாம் நான் வேற கடையில குடுத்துக்கறேன். ஆனா எங்க விடுதியில மாடிக்கு ஒரு புகார் நோட்டு இருக்கு, எல்லாத்துக்கும் இதே மாதிரி அட்டை வேணும். நாளைக்கே ஒரு மூட்டை துணி அனுப்பறேன், நீங்க வழக்கம்போல துவைச்சாப் போதும்.”