தோல் பட்டைக்கு எந்த மை?

கடைக்கு வந்த பெண் தோல் பட்டையை முதல் மெஷினில் வைக்கப் போனதும், பொருட்களின் மேல் எழுத்தும் படமும் அச்சடித்துத் தரும் யூவி பிரின்டிங் கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"கெட்டுது போங்க! அதுல இருக்கறது ஹார்டு இங்க். கண்ணாடிக்கும் தகட்டுக்கும்தான் ஆகும். தோல் வளையும்மா, ரெண்டே நாள்ல வெடிச்சு உதிரும். சாஃப்ட் இங்க் அந்த மெஷின்ல இருக்கு."

அவள் பட்டையை அடுத்த மெஷினில் வைத்து ஓட்டினாள்.

"கை நல்லா பழகியிருக்கே. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பாகிட்ட."

"பட்டை யாருக்கு, நாய்க்கா?"

"அப்பாவுக்குத்தான். வெளியில போனா வீட்டுக்கு வழி தெரியல. அதான் என் போன் நம்பரைப் போடறேன்."

"அடப் பாவமே! தொழிலையுமா மறந்துட்டார்?"

"அது ஒண்ணுதான் மறக்கல."

பட்டை வெளியே வந்தது. கடைக்காரர் எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"கையில கட்டி மடக்கிப் பார்த்தாத்தான் தாங்குமான்னு தெரியும்."

அவள் அவர் கையிலேயே கட்டிவிட்டாள். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. மணிக்கட்டை மடக்கினார், நீட்டினார். எழுத்தில் ஒரு கீறல் விழவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"கழட்டாதீங்கப்பா. வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்."

அவள் கண்ணீர் பட்டையின் மேல் சொட்டியது.

"அழாதீங்கம்மா," என்றார் அவர். "தண்ணி பட்டாலும் இந்த மை போகாது. உங்கப்பாவுக்குத் தைரியமா கொண்டுபோய்க் குடுங்க."